நீல விளிம்பு ட்ரே

பான்கேக் தின்ன வந்த மகன் ஐஸ்கிரீம் தேடிப் போனதில்தான் எல்லா வம்பும் ஆரம்பித்தது.

தவக்காலத்துக்கு முந்தின செவ்வாய்க்கிழமை மாலை. எர்ரிஸ் கடற்கரைப் பக்கம் அன்றைக்கு எந்த வீட்டிலும் முட்டையையும் வெண்ணெயையும் மிச்சம் வைக்க மாட்டார்கள். எல்லாவற்றையும் மாவில் அடித்து ஊற்றித் தின்று தீர்த்துவிட்டு, மறுநாள் காலையில் நெற்றியில் சாம்பலோடு ஒன்றும் தெரியாத முகத்தை வைத்துக்கொண்டு கோயிலில் நிற்பார்கள். அட்ராக்டா வீட்டிலும் அதே கதைதான். காசில்பார் டவுனிலிருந்து மகன் கோல்மனும் மருமகள் ஓர்லாவும் வந்திருந்தார்கள். ஆளுக்கு நாலு பான்கேக் உள்ளே போன பிறகு கோல்மனுக்கு மேலே வைத்துக்கொள்ள ஐஸ்கிரீம் வேண்டுமாம். பின்னறைக்குப் போனான். போனவன் திரும்பி வரவில்லை.

பின்னறையில் இருப்பது சாதாரண ஃப்ரீஸர் இல்லை. ஒரு ஆள் கால் நீட்டிப் படுக்கலாம், அவ்வளவு நீளமான பெட்டி. படகு வைத்திருந்த காலத்தில் அட்ராக்டாவின் புருஷன் மாலக்கி வாங்கிப் போட்டது. மாலக்கி செத்துப் போய் இரண்டு குளிர்காலம் ஆகிவிட்டது. பெட்டி மட்டும் அப்படியே உறுமிக்கொண்டு இருந்தது. உள்ளே இருந்ததில் எதன் மேலும் ஒரு சீட்டு கிடையாது. ஐஸ்கிரீம் டப்பாவில் சூப்பு, மார்ஜரின் டப்பாவில் பிளாக்பெர்ரி, ரொட்டிக் கவரில் கானாங்கெளுத்தி மீன்.

"அம்மா, இங்க கொஞ்சம் வா. இது என்னது?"

"எலும்பு. சூப்புக்கு."

"இது?"

"ருபார்ப் தண்டு. கேக்குக்கு."

"இது? கறுப்பா உருண்டையா இருக்கே?"

"கிறிஸ்துமஸ் புட்டிங்."

"போன கிறிஸ்துமஸா?"

"ஏதோ ஒரு கிறிஸ்துமஸ். ஏசு பொறந்ததுக்கு அப்புறம்தான், பயப்படாத."

கோல்மனுக்குச் சிரிப்பு வரவில்லை. இன்சூரன்ஸ் கம்பெனியில் சேதம் மதிப்பிடுகிற உத்தியோகம் அவனுக்கு. எதைப் பார்த்தாலும் அதில் எவ்வளவு சேதம் என்றுதான் கண் தேடும். இரண்டு வருஷமாக அம்மாவையும் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தான். டவுனில் அவன் வீட்டுக்குப் பக்கத்திலேயே கீழ்த்தளத்தில் ஒரு சின்ன வீடு வாடகைக்கு வருகிறது. அம்மா இந்த வீட்டை விற்றுவிட்டு அங்கே வந்துவிட வேண்டும் என்பது அவன் எண்ணம். கெட்ட எண்ணம் என்று சொல்ல முடியாது. ஆனால் நல்ல எண்ணக்காரர்கள் கொடுக்கிற தொல்லை இருக்கிறதே, அதற்குக் கெட்டவர்களே தேவலை.

"உனக்கு இதுல என்ன இருக்குன்னே தெரியலம்மா," என்றான். "அதான் எனக்குப் பயமா இருக்கு. ரெண்டு பேருக்கு வாங்கிக்கிட்டே இருக்க. எது எப்ப போட்டதுன்னு ஞாபகம் இல்ல. நாளைக்கு அடுப்பை எரியவிட்டு மறந்துட்டன்னு வையி, யாரு வந்து பார்ப்பா?"

அட்ராக்டாவுக்குக் காதுமடல் சூடேறியது. அவன் சொன்னதில் பாதி உண்மை, அதுதான் கோபத்துக்குக் காரணம். மாலக்கி போன பிறகும் அவள் கை இரண்டு பேருக்கே சமைத்தது. மிஞ்சினதைப் பெட்டியில் போட்டாள். ஒரு ஆளுக்கு எவ்வளவு உருளைக்கிழங்கு உரிக்க வேண்டும் என்று அந்தக் கைக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

"எனக்குத் தெரியாதது ஒண்ணும் அதுல இல்ல," என்றாள். "நல்லா கேட்டுக்கோ. நாளையிலேர்ந்து ஈஸ்டர் வரைக்கும் கடைப்பக்கமே போக மாட்டேன். பாலும் தேயிலையும் மட்டும் விலக்கு. மத்ததெல்லாம் இந்தப் பெட்டியிலேர்ந்தும் அந்த அலமாரியிலேர்ந்தும்தான். இதுதான் எனக்கு இந்த வருஷத் தவம். அடிவரைக்கும் தீர்த்துக் காட்டறேன்."

"தீர்த்தா?"

"தீர்த்தா, அந்த வீட்டுப் பேச்சை நீ எடுக்கவே கூடாது."

"தீர்க்கலேன்னா?"

அப்போது வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். ஆனால் அட்ராக்டாவுக்கு அந்தப் பழக்கம் பிறந்ததிலிருந்தே கிடையாது.

"எனக்குத் தெரியாத ஒரே ஒரு சாமான் அதுக்குள்ளேர்ந்து வெளிய வரட்டும், நானே பெட்டி கட்டிட்டு வரேன். போதுமா?"

"ஓர்லா, நீ கேட்டுக்கிட்டயில்ல?" என்று திரும்பினான் கோல்மன்.

"என்னை ஏன் இழுக்கறீங்க?" என்றாள் ஓர்லா. வாயில் பான்கேக் இருந்தது.

மறுநாள் நெற்றிச் சாம்பல் அழியுமுன் அட்ராக்டா வேலையை ஆரம்பித்தாள். திருநீற்றுப் புதன் ஒருசந்தி நாள். கறி கூடாது, ஒரு வேளைதான் வயிறார. காய்ந்த பட்டாணியை ஊறவைத்துப் புதினா ஜாடியின் அடியைச் சுரண்டிப் போட்டு சூப்பு. மறுநாள் கானாங்கெளுத்தியை ஓட்ஸில் புரட்டிப் பொரித்தாள். அதற்கு அடுத்த நாள் அதே ஓட்ஸ், அதே மீன், கூட ஊறுகாய் பீட்ரூட். முதல் வாரம் சுகமாகவே போனது. மூன்றாம் வாரத்தில் அலமாரியில் நல்லதெல்லாம் தீர்ந்து, யாரும் தேடி வாங்காத சாமான்கள் முன்னுக்கு வந்தன. பார்லி. அத்திப்பழ ஜாம். எந்தக் காலத்திலோ கோயில் லாட்டரிப் பரிசுக் கூடையில் வந்த சோளக்குருத்து டப்பா இரண்டு. பிளாக்பெர்ரியையும் பார்லியையும் சேர்த்துக் கிண்டினால் என்ன வரும் என்று தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவர்கள் அட்ராக்டாவைக் கேட்கலாம். மூன்று நாள் அதைத்தான் தின்றாள். திட்டிக்கொண்டே தின்றாள். தவம் என்றால் முகத்தைச் சாந்தமாக வைத்துக்கொள்ள வேண்டும் என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை என்பது அவள் கட்சி.

கடைப்பக்கம் வராதவளைப் பற்றி ஊர் சும்மா இருக்குமா? ஊரில் இருப்பதே ஒரு கடை. அதை நடத்துகிற நோரீன் அட்ராக்டாவோடு ஒன்றாகப் பள்ளிக்கூடம் போனவள். ஒரு காலையில் வாசலில் ஒரு ரொட்டியும் கால் கிலோ பன்றிக் கறியும் கவரில் தொங்கின. அட்ராக்டா அதைக் கையில் எடுத்துக்கொண்டு நேரே கடைக்குப் போனாள். உள்ளே காலை வைக்கவில்லை. வாசற்படியில் நின்றாள்.

"நோரீன், இது என்னடி பிச்சை?"

"பிச்சையா? ஏன்டி, கையில இல்லேன்னா வாயைத் திறந்து கேக்க வேண்டியதுதான? ஊரே பேசுது, நீ ரெண்டு வாரமா வெறும் ஓட்ஸைத் தின்னுட்டுக் கிடக்கன்னு."

"தவம்டி. தவக்காலம். உனக்கு ஞாபகம் இருக்கா? நீயும் கோயிலுக்கு வர்றவதான?"

"நான் சாக்லேட்டை விட்டிருக்கேன்."

"நீ வருஷா வருஷம் சாக்லேட்டை விடற. வருஷா வருஷம் அகலமாத்தான் ஆகற."

"ஞாயித்துக்கிழமை தவத்துல சேராதுடி! சாமியாரைக் கேட்டுப் பாரு!" என்று கத்தினாள் நோரீன். "அப்புறம் இன்னொண்ணு. உன் நீல விளிம்பு ட்ரே என்கிட்ட இல்ல. நூறு தடவை சொல்லியாச்சு. இப்பவும் மனசுக்குள்ள அதைத்தான் நினைச்சுட்டு நிக்கற, முகத்துலயே தெரியுது."

உண்மைதான், நினைத்துக்கொண்டுதான் நின்றாள். வெள்ளை எனாமல், நீல விளிம்பு, ஒரு மூலையில் சில்லு பெயர்ந்த ட்ரே. இடுப்பு ஆபரேஷனுக்குப் போகுமுன் அதில் ருபார்ப் கேக் சுட்டு நோரீனுக்குக் கொடுத்தனுப்பியதாக அட்ராக்டாவுக்கு நல்ல ஞாபகம். திரும்பக் கொடுத்துவிட்டேன் என்கிறாள் நோரீன். இரண்டு வருஷமாக இருவரும் சிரித்துப் பேசுவார்கள், கடைசியில் பேச்சு ட்ரேயில் வந்து முட்டி நிற்கும்.

மார்ச் நடுவில் புயல் வந்தது. வியாழக்கிழமை மத்தியானம் கரண்ட் போனது. அன்று முழுக்க வரவில்லை. கம்பங்கள் சாய்ந்துவிட்டன, சனிக்கிழமைக்கு முன் எதிர்பார்க்க வேண்டாம் என்று ரேடியோ சொன்னது. கோல்மன் போன் செய்தான். குரலில் கவலை இருந்தது, கூடவே கொஞ்சம் நிம்மதியும் இருந்தது. அம்மாக்களுக்கு அது காதில் விழாமல் போகாது.

"அம்மா, எல்லாம் கெட்டுப்போயிருக்கும். தூக்கிப் போட்டுரு. பந்தயத்தை ரத்து பண்ணிக்கலாம், யாரும் தோக்கல."

"தொறந்தாத்தான கெடும்? நான் தொறக்கப் போறதில்ல."

போனை வைத்துவிட்டு வீட்டிலிருந்த போர்வை, ரஜாய், மேஜை விரிப்பு எல்லாவற்றையும் கொண்டுவந்து பெட்டியின் மேல் சுற்றினாள். அதற்கு மேல் மாலக்கியின் எண்ணெய்த்துணி மழைக்கோட்டு. அதற்கு மேல் அவனுடைய கனமான கம்பளிக் கோட்டு. பார்க்க யாரோ காய்ச்சலில் படுத்திருப்பது போல இருந்தது. அடுப்பு கரி அடுப்பு, அதற்குக் கரண்ட் வேண்டாம். ஓட்ஸ் கஞ்சி காய்ச்சினாள், சார்டின் டப்பா திறந்தாள், பெட்டியின் மேல் ஏறி உட்கார்ந்து ஜெபமாலை சொன்னாள். இரண்டு நாளும் பகலெல்லாம் அங்கேதான். உட்கார்ந்திருந்தால் குளிர் உள்ளேயே நிற்கும் என்பது விஞ்ஞானமா விசுவாசமா என்று அவளுக்கே தெரியாது. மாலக்கியின் கோட்டில் இன்னும் மீனும் புகையிலையும் மணந்தது. அவன் இருந்திருந்தால் 'என்னைக் காட்டிலும் அந்தப் பெட்டியை நல்லா பார்த்துக்கற' என்றிருப்பான். சனிக்கிழமை மாலை பெட்டி மறுபடியும் உறுமியது. திறந்து பார்த்தாள். மேலே இருந்த ரொட்டி மட்டும் இளகியிருந்தது. அவளுக்கு ஆடவேண்டும் போல இருந்தது. இடுப்பை நினைத்து விட்டுவிட்டாள்.

புனித பாட்ரிக் திருநாளன்று கோல்மன் கிரீம் கேக்கோடு வந்தான். அன்றைக்கு ஒரு நாள் தவத்தைத் தளர்த்திக்கொள்வது நாட்டு வழக்கம். வாயைக் கட்டினவர்கள் எல்லாம் அன்று அவிழ்த்துவிடுவார்கள்.

"இன்னிக்கு விலக்கு உண்டும்மா. எந்தச் சாமியாரும் இதையே சொல்வாரு."

"எந்தச் சாமியாரும் என்கிட்ட பந்தயம் கட்டலையே. நீ தின்னு."

அவன் தின்றான். அவள் அத்திப்பழ ஜாமை ஸ்பூனால் நக்கிக்கொண்டு அவன் தின்பதைப் பார்த்தாள். கேக் வாசனையில் நாக்கு ஊறியது என்பதை எங்கே வேண்டுமானாலும் ஒப்புக்கொள்வாள், அவனிடம் மட்டும் மாட்டாள்.

இப்படியாகப் பெட்டி இறங்கிக்கொண்டே வந்தது. எடுத்த ஒவ்வொன்றையும் கையில் வாங்கும்போதே இன்னது என்று அவளுக்குத் தெரிந்தது. ஒன்றுகூடத் தப்பவில்லை. ஒரு டப்பாவை மட்டும் கோழிச் சாறு என்று எடுத்து, உருகின பிறகு பார்த்தால் ஆப்பிள் கூழாக இருந்தது. அதைக் கணக்கில் சேர்க்கவில்லை. ஆப்பிளும் அவள் வைத்ததுதானே.

பெரிய வியாழக்கிழமை காலையில் குனிந்து பார்த்தபோது பெட்டியின் அடியில் இரண்டே சாமான். ஒன்று ஈஸ்டருக்கென்று வைத்திருந்த ஆட்டுத்தொடை. அதற்குக் கீழே மூலையில், உறைபனி மூடி, தகரத் தாள் சுற்றி, தட்டையாக ஒன்று. குனிந்து, வயிறு விளிம்பில் அழுந்த, கத்தியால் நெம்பி எடுத்தாள். தாளின் ஓரம் கிழிந்தது. உள்ளே நீல விளிம்பு தெரிந்தது. மூலையில் சில்லு பெயர்ந்திருந்தது.

அட்ராக்டா அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

ட்ரே இங்கே இருந்திருக்கிறது. இரண்டு வருஷமாக இங்கேயே. நோரீன் சொன்னது உண்மை. அப்படியென்றால் தான் வாங்கி வைத்திருக்கிறோம், எதையோ சமைத்து நிரப்பியிருக்கிறோம், அடியில் தள்ளியிருக்கிறோம். ஒன்றும் ஞாபகம் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு தேடிப் பார்த்தாள். ஒரு துளி ஞாபகம் இல்லை. இத்தனை வாரமாகப் புயலுக்கும் ஓட்ஸுக்கும் பயப்படாதவளுக்கு இப்போது பயம் வந்தது. கோல்மன் சொன்னது சரியோ? அடுப்பை மறக்கிற நாள் ஏற்கெனவே வந்துவிட்டதோ? தனக்குத்தான் தெரியவில்லையோ?

கொல்லையில் குழி தோண்டிப் போட்டுவிட்டால் யாருக்கும் தெரியாது. மண்வெட்டி கதவுக்குப் பின்னால்தான் இருந்தது. அதை ஒரு தரம் பார்த்தாள். பிறகு தன்மேலேயே கோபம் வந்தது. சாப்பாட்டை மண்ணில் புதைத்தா பந்தயம் ஜெயிப்பது? அதுவும் பெரிய வியாழனில்?

தாளை முழுதாகப் பிரித்தாள். மேலே மசித்த உருளைக்கிழங்கு மூடியிருந்தது. பனியைச் சுரண்டினாள். முள்கரண்டியால் இழுத்த கோடுகள், நீள நீளமாக. அதைப் பார்த்ததும் மூச்சு வந்தது.

அவள் சீட்டு ஒட்டாதவள்தான். ஆனால் இதற்கு மட்டும் ஒரு அடையாளம் வைத்திருந்தாள். மீனைக் கீழே பரப்பி மசித்த கிழங்கால் மூடிச் சுடுகிற ட்ரேயும், கொத்துக்கறியைப் பரப்பி மூடிச் சுடுகிற ட்ரேயும் மேலே பார்த்தால் ஒன்றுபோலவே இருக்கும். கறி கூடாத வெள்ளிக்கிழமையில் தவறிக் கறியை எடுத்து வைத்துவிடக் கூடாதே என்று, கல்யாணமான புதிதிலிருந்தே ஒரு வழக்கம். மீன் என்றால் முள்கரண்டியால் நீளக் கோடு. கறி என்றால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டம். ஒரு நாளும் தப்பியதில்லை.

நீளக் கோடு. மீன். ஆக, தெரியாத சாமான் இல்லை, மீன் ட்ரே. 'என் மீன் ட்ரே' என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தாள். சொன்னதும் கொஞ்சம் தைரியம் வந்தது. பெரிய வெள்ளிக்கு மகனும் மருமகளும் சாப்பிட வருகிறார்கள். மீன்தான் சாப்பாடு. இதைவிட என்ன வேண்டும்? மேஜைமேல் வைத்து, என் மீன் ட்ரே இது என்று தலை நிமிர்ந்து சொல்ல வேண்டியதுதான். எப்போது வைத்தாய் என்று யாரும் கேட்காதவரை சரி.

பெரிய வெள்ளி மத்தியானம். மூன்று மணிச் சடங்குக்கு முன் சாப்பாடு. ட்ரே அடுப்பிலிருந்து பொன்னிறமாக வந்தது. கோல்மன் பின்னறைக்குப் போய்ப் பெட்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு வந்தான்.

"ஒரே ஒரு தொடைதான் இருக்கு," என்றான். பாவம், அவன் முகத்தில் நிஜமாகவே ஒரு மரியாதை இருந்தது. "சாதிச்சிட்டம்மா. நான் நெனைக்கவே இல்ல."

"உக்காரு. இதான் கடைசி. மீன்."

"எந்த மீன்?" என்று கேட்டாள் ஓர்லா.

"மீன்னா மீன்," என்றாள் அட்ராக்டா சுருக்கமாக.

ஜெபம் சொன்னார்கள். பரிமாறினாள். பசி நாள், ஆவி பறக்கிற கிழங்கு. யாரும் கீழே என்ன என்று பார்க்கவில்லை. மூன்று பேரும் ஒரே நேரத்தில் வாயில் போட்டார்கள். மூன்று பேரும் ஒரே நேரத்தில் மெல்லுவதை நிறுத்தினார்கள்.

கறி.

அதுவும் சாதாரணக் கறி இல்லை. பெரிய வெள்ளியில், வருஷத்திலேயே எந்த நாளில் கறியைக் கண்ணால்கூடப் பார்க்க மாட்டார்களோ அந்த நாளில், வாய் நிறையக் கொத்துக்கறி. ஓர்லா கைக்குட்டையில் துப்பினாள். கோல்மன் விழுங்கிவிட்டு இருமினான். இருமலில் முகம் சிவந்து கண்ணில் தண்ணீர் வந்தது.

"அம்மா..." தண்ணீரைக் குடித்தான். "அம்மா, இது மீனில்ல."

அட்ராக்டா மறுபடி மெல்ல ஆரம்பித்தாள்.

"உனக்குத் தெரியல," என்றான். சத்தம் போடவில்லை, மெதுவாகத்தான் சொன்னான். மெதுவாகச் சொன்னதுதான் அவளைக் கொன்றது. "நான் சண்டை போட வரலம்மா. ஆனா நீயே சொன்ன. தெரியாதது ஒண்ணு வெளிய வந்தா பெட்டி கட்டறேன்னு நீயே சொன்ன. பந்தயம் பந்தயம்தான்."

அவள் அவனைப் பார்க்கவில்லை. வாயில் இருந்ததை மெதுவாக மென்றுகொண்டிருந்தாள். தொண்டை எரிந்தது. வெள்ளை மிளகு, கை நிறைய அள்ளிக் கொட்டின வெள்ளை மிளகு. அவள் தன் ஆயுளில் அவ்வளவு மிளகு போட்டதில்லை. முள்கரண்டியால் தட்டைக் கிளறினாள். கொத்துக்கறிக்கு நடுவே டர்னிப் கிழங்கு, மாட்டுக்கு நறுக்கிப் போடுவது போலப் பெரிது பெரிதாக. கறி ட்ரேயில் டர்னிப் போடுகிற பொம்பளை இந்த ஊரில் யாரும் கிடையாது.

பொம்பளை கிடையாது. ஆம்பளை ஒருத்தன் இருந்தான்.

"கோல்மன்," என்றாள். "எங்க அக்கா சாவுக்கு நான் ஒரு வாரம் ஸ்லைகோ போயிருந்தேனே, உனக்கு ஞாபகம் இருக்கா? நீ அப்பப் பள்ளிக்கூடம் போயிட்டிருந்த. அப்பா என்ன சமைச்சுப் போட்டாரு?"

"அதை எப்படி மறக்கறது? ஒரு வாரமும் கொத்துக்கறியும் டர்னிப்..." அவன் நிறுத்தினான். தட்டைப் பார்த்தான்.

ஓர்லா கைக்குட்டையை மடியில் வைத்தாள். "ஐயோ," என்றாள். "அட்ராக்டா, நீங்க ஆஸ்பத்திரியிலேர்ந்து வர்ற அன்னிக்குக் காலையில நான் இங்க வந்தேன். அவரு இந்த மேஜையில நின்னு டர்னிப் வெட்டிட்டிருந்தாரு. என்னன்னு கேட்டேன். 'அவகிட்ட சொல்லாத, வந்ததும் கண்ணு முன்னாடி வைக்கப் போறேன்'னாரு."

"வைக்கவே இல்லையே," என்றாள் அட்ராக்டா.

வைக்கவில்லை. அன்று அவள் கைத்தடியோடு வாசலில் இறங்குமுன்பே நோரீன் ஒரு அண்டா நிறையப் பன்றிக்கறியும் முட்டைக்கோசும் கொண்டுவந்து அடுப்பில் ஏற்றியிருந்தாள். ஊரே வந்திருந்தது. அவ்வளவு பேருக்கு நடுவில் தன் ட்ரேயை எடுத்துவைக்க மாலக்கிக்கு வெட்கமாக இருந்திருக்கும். பெட்டியின் அடியில் தள்ளிவிட்டு, வாயே திறக்காமல் நோரீனின் முட்டைக்கோசைத் தின்றிருப்பான். அந்த இலையுதிர் காலத்திலேயே போயும் போய்விட்டான். நோரீன் திருப்பிக் கொடுத்த ட்ரேயை வாங்கினதும் அவன்தான், சொல்லவே இல்லை. அத்தனை வருஷம் அவள் கையால் சாப்பிட்டவன், மேலே இருக்கிற கோட்டுக்கு அர்த்தம் இருக்கிறது என்பதைக் கவனித்ததே இல்லை. அழகுக்கு இழுப்பது என்று நினைத்துக் கறியின் மேல் மீன் கோட்டை இழுத்து வைத்திருக்கிறான், மடையன்.

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. இரண்டையும் தடுக்கவில்லை. பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"சரி. தோத்துட்டேன்," என்றாள்.

"அம்மா, இது அப்பா வச்சது. உன் மறதி இல்ல. இதைக் கணக்குல..."

"சேரும் கணக்குல. எனக்குத் தெரியாத ஒண்ணு வெளிய வந்துருச்சு. வாக்குன்னா வாக்கு, நான் தோத்துட்டேன். ஆனா வர மாட்டேன்."

கோல்மன் வாயைத் திறந்தான்.

"மூடு. நீதான சொன்ன, உனக்கு இதுல என்ன இருக்குன்னே தெரியலன்னு. ஆமாடா, தெரியல. இந்த வீட்டுல இருக்கறதெல்லாம் எனக்குத் தெரியும்னு நெனச்சிட்டிருந்தேன். தெரியல. உங்கப்பன் இன்னும் எங்கெங்க எதை ஒளிச்சு வச்சிருக்கானோ, படகுக் கொட்டகையில என்ன இருக்கோ, பரண்ல என்ன இருக்கோ. அதையெல்லாம் வீட்டை வாங்கறவன் எடுத்துக் குப்பையில போடறதுக்கா? நான் இங்க இருந்து ஒவ்வொண்ணா கண்டுபிடிப்பேன். கண்டுபிடிக்கறதுக்குள்ள செத்தா, இங்கயே சாவேன். நான் மறப்பேன், தப்புப் பண்ணுவேன். அதையெல்லாம் என் சமையலறையில நின்னு பண்ணிக்கறேன்."

சுவரில் திரு இருதயப் படத்துக்குக் கீழே சின்னச் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அட்ராக்டா அதை ஒரு பார்வை பார்த்தாள். முதல் கவளம் தெரியாமல் தின்றது, அதற்குப் பாவமில்லை. முள்கரண்டியை எடுத்தாள். கறியும் டர்னிப்பும் மிளகும் சேர ஒரு பெரிய கவளமாக எடுத்து, தெரிந்தே வாயில் போட்டு, தெரிந்தே மென்று விழுங்கினாள். இத்தனை வாரம் காத்த தவம் அந்த ஒரு கவளத்தில் போனது. போகட்டும்.

"நல்லாவே இல்ல," என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "கடவுள்கிட்ட நான் பேசிக்கறேன்."

கோல்மனின் கை மெல்ல அவன் தட்டை நோக்கிப் போனது. அவள் அவன் விரலில் முள்கரண்டியால் ஒரு தட்டு தட்டினாள்.

"உனக்கு ஞாயித்துக்கிழமை. பாவம் ஒரு ஆளுக்குப் போதும். சார்டின் இருக்கு, திற."

தட்டுகளில் இருந்ததைத் திரும்ப ட்ரேயில் வழித்துப் போட்டு மூடினாள். கோல்மன் சார்டின் டப்பாவோடு மல்லுக்கட்டினான்.

"ஈஸ்டருக்கு எங்க வீட்டுக்கு வாயேம்மா," என்றான் கடைசியில், குரலே எழும்பாமல். "அந்தக் கீழ்வீட்டையும் அப்படியே..."

"இங்க வாங்க. தொடை இருக்கு, இந்த ட்ரேயும் இருக்கு. அப்புறம் நோரீனையும் கூப்பிடணும், அவகிட்ட நான் ஒரு மன்னிப்புக் கேக்கணும். அதுக்குத்தான் எனக்கு ரொம்பத் தைரியம் வேணும்."

"பெட்டி காலியாயிடும். அதை நிறுத்திடலாமில்லம்மா? கரண்டாவது மிச்சம்."

"நிறுத்தறதா? செவ்வாய்க்கிழமை பாதி ஆடு வருது. மேட்டு வீட்டுக்காரர்கிட்ட சொல்லி வச்சிருக்கேன்."

கோல்மன் சார்டினை விட்டுத் தலை நிமிர்ந்தான். "பாதி ஆடா? எப்ப சொன்ன?"

"பந்தயம் கட்டின மறுநாளு. நெத்திச் சாம்பலோட போயி."

"மறுநாளா? அப்ப தோத்திருந்தா?"

"தோத்துட்டேனேடா," என்றாள் அட்ராக்டா. "போகப் போறவ எவளாவது பாதி ஆட்டுக்குச் சொல்லி வைப்பாளா? ரொட்டியை எடு, மணியாச்சு, கோயிலுக்குப் போகணும்."